ஒரே இரவில் பிறக்குமோ சின்னம்?

பேராக் மாநிலத்துத் தமிழ் அமைப்புகள் விழா எடுப்பதில் எவர்க்கும் இளைத்தவை அல்ல. பள்ளியின் பவளவிழா என்றாலும், ஆலயக் குடமுழுக்கு என்றாலும், மன்றத்தின் ஆண்டுவிழா என்றாலும், மூன்று திங்களுக்கு முன்பே பந்தற்காரரிடம் நாள் சொல்லப்படுகிறது. சமையற்காரருக்கு முன்பணம் போகிறது. நாகசுரக் குழுவினர்க்குத் தாம்பூலம் வைக்கப்படுகிறது. ஆனால், அவ்வமைப்பின் முகமாக விளங்க வேண்டிய சின்னத்தைப் பற்றிய நினைவு மட்டும், பதாகை அச்சுக்குப் போவதற்கு முதல்நாள் மாலையில்தான் எழுகிறது. வரையத் தெரிந்த இளைஞன் ஒருவன் அழைக்கப்படுகிறான். “தம்பி, நாளைக் காலைக்குள் ஒரு சின்னம் போட்டுக் கொடு. பெரிய வேலை ஒன்றுமில்லை” என்கின்றனர் பொறுப்பாளர்கள். அவன் நான்கு வாரம் கேட்டால், “நாலு கோடு கிழிக்க நாலு வாரமா?” என்று நகைக்கின்றனர். கூலி கேட்டாலோ, தமிழ்ப்பற்று இல்லாதவன் என்ற பட்டமும் கிடைத்துவிடுகிறது.

இந்த நகைப்பு அறியாமையின் விளைவு. அறியாமை தனிமனிதனிடம் இருந்தால் அவனோடு போகும். அமைப்பில் குடியேறினால் தலைமுறைகளைத் தாக்கும்.

கோட்டுக்கு முந்திய உழைப்பு

தொழிலறிந்த வடிவமைப்பாளர் ஒரு சின்னத்துக்குப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் கேட்கிறார். அந்நாள்கள் முழுதும் அவர் கோடு போட்டுக்கொண்டிருப்பதில்லை. கேட்பதும் தேடுவதும் முதற்பணி. அமைப்பு யாருக்காகத் தோன்றியது? அதன் மண் எது? அதே பெயரில், அதே வடிவில் வேறு யாரேனும் சின்னம் வைத்திருக்கின்றனரா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே பென்சில் தாளைத் தொடும். பின்னர்ப் பத்துப் பத்தாக வரைவுகள் பிறக்கும். அவற்றுள் பெரும்பாலானவை கழிக்கப்படும். எஞ்சிய இரண்டு மூன்று வரைவுகள் பலரிடம் காட்டப்படும், திருத்தப்படும், மீண்டும் வரையப்படும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் சின்னத்தை எடுத்துக்கொள்வோர் இவ்வுழைப்பின் பொருளை எளிதில் உணர்வர். பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல இரப்பர்த் தோட்டங்களிற் பிறந்தவை. தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டது, லயன்கள் இடிந்தன, மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். பள்ளி மட்டும் புதிய இடத்தில், பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது. அப்பள்ளிக்குச் சின்னம் வரைபவர் பால்மரத்தை வரைய விரும்புவது இயல்பே. ஆனால், வெட்டுக்கோடு எப்பக்கம் சாயும்?

உளி பிடித்த கைகளுக்கு விடை தெரியும். மரத்தின் முன் நிற்பவர்க்கு வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து இறங்கும். பட்டையினுள் பால் ஓடும் நுண்குழல்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து செல்வதால், அவ்வாறு வெட்டும்போதுதான் மிகுதியான குழல்கள் அறுபட்டுப் பால் நன்கு வடியும். உளி ஆழமாய்ப் போய் மரத்தின் உயிர்ப்படலத்தைக் காயப்படுத்தினால், அவ்விடத்திற் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. இத்தனை அறிவும் ஒரு சாய்கோட்டில் அடங்கியுள்ளது. ஒரே இரவில் வரையும் இளைஞன் எங்கோ கிடைத்த படத்தைப் பார்த்துக் கோட்டை மறுபக்கம் சாய்த்துவிடுகிறான். சில வேளை பால்மரத்தின் இடத்தில் தென்னையே முளைத்துவிடுகிறது. அவனைக் குறை சொல்வது முறையாகாது. முதிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரைத் தேடிப் போய்க் கேட்க அவனுக்கு எவரேனும் இரண்டு நாள் கொடுத்தார்களா? சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். இன்று கேட்கப்படாத கேள்விக்கு நாளை விடை சொல்ல ஆளிராது.

எழுத்துக்கும் காலம் வேண்டும்

படத்துக்கு அடுத்தது எழுத்து. தமிழெழுத்து வளைவும் சுழியும் நிறைந்தது. கணினித் திரையில் ஒரு சாண் அகலத்தில் அழகாய்த் தோன்றும் ‘ண’கரம், மாணவன் சட்டைப்பையில் நூலால் தைக்கப்படும்போது சுழிகள் அடைந்து கறுப்புத் திட்டாகிவிடுகிறது. மெல்லிய புள்ளி மறைந்துபோகிறது. ‘பள்ளி’ என்பது ‘பளளி’ ஆகிறது. பிழையின்றி எழுதக் கற்றுத்தரும் நிறுவனம் தன் நெஞ்சின் மேலேயே பிழையைச் சுமப்பது எத்துணை இழுக்கு!

ஆகவேதான், ஒரு சின்னம் ஐந்து அடிப் பதாகையிலும், அரை அங்குல இரப்பர் முத்திரையிலும், வண்ண அச்சிலும், கறுப்பு வெள்ளைப் படியிலும், துணியிலும், கைப்பேசித் திரையிலும் சோதிக்கப்பட வேண்டும். பழைய சின்னத்தைப் புதுப்பிப்பதாயின் இன்னொரு வினாவும் எழும். தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவங்களான துதிக்கை போன்ற ‘லை’, ‘னை’ முதலியவற்றை வரலாற்றுச் சான்றாகக் காப்பதா, இன்றைய மாணவர் படிக்கும் வடிவுக்கு மாற்றுவதா? இதை ஒரு மாலைப்பொழுதில் தீர்க்க இயலாது.

கொடியும் குறியும்

“நாட்டின் கொடியையே இரண்டே வாரத்தில் வரைந்துவிட்டாராமே!” என்று சிலர் வாதிடுவதுண்டு. உண்மைதான். ஜொகூர் பொதுப்பணித் துறையிற் பணியாற்றிய முகமட் ஹம்சா, மலாயாக் கூட்டரசின் கொடிப் போட்டிக்குத் தம் வரைவுகளை இரு வாரங்களில் முடித்தார் என்பர். ஆனால் கதை அங்கு முடியவில்லை. வந்தவை 373 வரைவுகள். அவற்றுள் மூன்று 1949இல் மக்கள் கருத்துக்கு விடப்பட்டன. ஹம்சாவின் நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகளே இருந்தன. அது 1948 சூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டிருந்த காலம். ஐந்து முனை நட்சத்திரம் பொதுவுடைமை இயக்கத்தை நினைவூட்டும் என்ற கவலையால் பதினொரு முனைகளாக மாற்றப்பட்டது. கொடி ஒப்புதல் பெற்றது 1950 மே திங்களில். மலேசியா உருவான 1963இல் முனைகள் பதினான்காயின. வரைந்த காலம் இரு வாரம். சிந்தித்த காலம் அதனினும் பன்மடங்கு. அந்த ஐந்து முனைகளை எவரும் பொறுமையாக நோக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்திய உரூபாய்க் குறியும் இதையே உணர்த்துகிறது. போட்டி அறிவிக்கப்பட்டது 2009 மார்ச்சில். மூவாயிரத்துக்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன. ஐந்து இறுதிக்குத் தேர்ந்தன. அமைச்சரவை முடிவு செய்தது 2010 சூலை 15ஆம் நாள். பதினாறு திங்கள்! வென்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். தேவநாகரி ரகரத்தையும், தண்டு நீக்கிய உரோமன் ‘ஆர்’ எழுத்தையும் அவர் ஒரே உருவிற் பிணைத்தார். கோடு குறைவு, அக்கோட்டுக்குப் பின்னால் நின்ற எழுத்தாராய்ச்சியோ ஆண்டுக்கணக்கானது.

அவசரத்தின் விலை

தேடும் பணியைச் சரிவரச் செய்யாதவர் பெரும் பொருளுடையவராயினும் தலைகுனிய நேர்கிறது. தோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னம் 2015 சூலையில் வெளியிடப்பட்டது. பெல்சிய நாட்டு நாடக அரங்கு ஒன்றின் சின்னத்தை ஒத்திருக்கிறது என்ற குற்றச்சாட்டால் செப்டம்பரிலேயே மீட்டுக்கொள்ளப்பட்டது. மாற்றுச் சின்னம் 2016 ஏப்ரலில்தான் கிடைத்தது. மலேசியாவிலும் 2020ஆம் ஆண்டுச் சுற்றுலாவுக்கென 2018இல் வெளியான சின்னம் மக்களின் கேலிக்கு ஆளாகி, 2019இல் புதியதற்கு இடம் விட்டது. அரசுகளே இருமுறை செலவிட நேர்ந்ததென்றால், நன்கொடைச் சீட்டை நம்பி வாழும் மன்றங்கள் எம்மாத்திரம்?

“இனி மனிதரே வேண்டா, கணினியிடம் ஒரு வாக்கியம் சொன்னால் அரை நிமிடத்தில் சின்னம் கிடைக்கிறது” என்போர் இன்று பெருகியுள்ளனர். கணினி வரையும், ஆனால் அந்தத் தோட்டத்து முதியவரைப் போய்க் காணாது. உலகெங்கும் உள்ள படங்களின் சராசரியை அழகாக நீட்டும். தனித்தன்மைக்காக வைக்கப்படும் சின்னத்தில் சராசரிக்கு என்ன வேலை? அது வரைந்துதரும் தமிழெழுத்துகள் உருச்சிதைந்து வருவதையும் பலர் கண்டிருப்பர். கருவியைக் கொள்வதில் தவறில்லை. கருவியிடமே பொறுப்பை ஒப்படைப்பது தவறு.

செய்ய வேண்டுவது

காலதாமதத்துக்கு வடிவமைப்பாளர் மட்டுமே காரணமல்லர். பதினைந்து பேர் கொண்ட செயற்குழுவில், ஒருவர் குத்துவிளக்கு வேண்டும் என்பார். ஒருவர் திறந்த நூல் என்பார். மற்றொருவர் உதயசூரியனையும், வேறொருவர் மலையையும் ஆற்றையும் கேட்பார். அனைத்தையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்தபின் அது சின்னமாக இராது; மளிகைப் பட்டியலாகவே இருக்கும். எல்லாரையும் நிறைவுசெய்யப் புகுந்த வடிவம் எவர் நினைவிலும் நிற்பதில்லை.

எனவே, அமைப்புகள் முதலில் தம் வரலாற்றையும் நோக்கத்தையும் ஒரே பக்கத்தில் எழுதித் தருக. முடிவு சொல்லும் பொறுப்பை மூவருக்கு மேற்படாத குழுவிடம் விடுக. விழாவுக்கு மூன்று திங்களுக்கு முன்பே பணியை ஒப்படைக்க. கூலியை எழுத்தில் உறுதிசெய்து, ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுக்க. பந்தற்காரருக்கு உள்ள மதிப்பு, படைப்பாளிக்கும் உண்டு என்பதைச் செயலிற் காட்டுக.

கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நட்ட இரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் மரமாய் நிற்கிறது. அம்மரத்தின் வழிவந்த தொழிலில் வாழ்ந்தவர்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. கன்று நட்டவன் மறுநாள் உளியோடு போய் நிற்பதில்லை. ஆறேழு ஆண்டு பொறுத்து, பட்டை முதிர்ந்த பின்னரே முதல் வெட்டு விழும். மரத்துக்கு ஆண்டுக்கணக்கிற் பொறுத்த ஒரு சமுதாயம், தன் பெயருக்கு ஆறு வாரம் பொறுக்க மறுப்பது நியாயமா? பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் பட்டறிவு. அதைத் தம் நெற்றியில் அணியும் சின்னத்திலிருந்தே தமிழ் அமைப்புகள் தொடங்கட்டும்.