செஞ்சி மாணவரும் சமுத்திர ஞானமும்

கோட்டையடியில் வசிக்கும் செஞ்சி ஹைஸ்கூல் மாணவனுக்குக் கடல் சாஸ்திரம் எதற்கு என்று கேட்போர் உளர். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. ஆறுகள் பாறைகளைக் கரைத்து யுகயுகமாகக் கொண்டு சேர்த்த உப்பே கடல் நீர் கரிப்பதற்கு முக்கிய காரணம். அதில் ராஜகிரியின் கல்லுக்கும் பங்குண்டு. இதையறியாத மாணவன் பரீட்சையில் ஒரு மார்க்கை இழப்பான், அவ்வளவே.

வேறொரு தப்பெண்ணமோ உயிரைக் கொள்வது. சுனாமி காற்றால் எழும் பேரலை என்றும், ஒரே அலையோடு முடிந்துவிடும் என்றும் கருதும் மாணவர் பலர். அது பெரும்பாலும் கடலடிப் பூகம்பத்தால் எழுவது. அலைகள் மணிக்கணக்கில் தொடரும். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவருகே பூமி அதிர்ந்தபின் நம் கரையை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவகாசமிருந்தும் எச்சரிப்பாரில்லை, தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டனர். அதே தினத்தில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், இரு வாரம் முன்பு பூகோள வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தியால் ஒரு கடற்கரை முழுதும் தப்பியது.

2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. எச்சரிக்கை வந்தாலும் அதன் பொருள் விளங்க வேண்டாமோ? விடுமுறையில் மரக்காணம், புதுச்சேரிக் கரைகளுக்குச் செல்வோரில் செஞ்சிப் பிள்ளைகளும் உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் நிலையம் இருக்கிறது. நம் உபாத்தியாயர்களை முதலில் அங்கே அனுப்பிப் பயிற்றுவிக்குமாறு கல்வி இலாகாவைக் கேட்டுக்கொள்கிறோம்.