குளத்துக்கு எதற்கு அலங்காரம்?

எங்கள் ஊர்க் குளத்தை அழகுபடுத்தப் போகிறார்களாம். நாலு பக்கமும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர், சுற்றிலும் நடைபாதை, வர்ண விளக்குகள், நடுவே ஒரு செயற்கை நீரூற்று. படத்தைப் பார்த்துவிட்டு, "பிரமாதம் ஸார்!" என்றார் என் நண்பர். தினம் காலையில் என்னோடு குளக்கரையில் நடக்கிறவர். சர்க்கரை வியாதிக்காக, பன்னிரண்டு வருஷமாக நடக்கிறார். ஒரு நாளாவது தண்ணீர்ப் பக்கம் தலையைத் திருப்பியிருப்பாரா என்பது சந்தேகம்.

அவரைச் சொல்லி என்ன? நானே ஒரு நாவலில் நிலா வெளிச்சத்தில் தாமரையை மலர வைத்தவன். தாமரை காலையில் விரிந்து மாலைக்குள் கூம்பிவிடும். இரவில் விரிவது அல்லி. ஒரு வாசகராவது, 'ஐயா, பிசகு' என்று கடிதம் போடவில்லை. அந்த வெட்கத்தில்தான் குளத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

சித்திரையில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். செத்த குளம் என்பார்கள். அந்த மண்ணுக்குள்ளேதான் தவளைகள் மழைக்குக் காத்துப் படுத்திருக்கின்றன. முதல் பெருமழை இரவில் அவற்றின் கச்சேரி ஊரையே எழுப்பிவிடும். மறுநாள் பார்த்தால் பெரிய ஆண் தவளைகள் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறியிருக்கும். விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை அடியில் நின்று காவல் காக்கும். முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டும். கூட்டைவிட்டு இறங்குமுன் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். பெண் முட்டையிட்டதோடு சரி. (நம் வீட்டு ஆண்மக்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.) வடக்கேயிருந்து குளிருக்கு ஒதுங்கிய நீலச்சிறகி வாத்துகள் பங்குனி வாக்கில் புறப்பட்டுவிடும். மடையானின் மண் நிற முதுகு அரக்குச் சிவப்பானால் அதற்குக் கல்யாண காலம்.

இதில் முக்கால்வாசி நடப்பது ஆழத்தில் அல்ல. முழங்கால் தண்ணீரில், சரிந்த மண்கரையில், கோரையில். சுவர் எழுப்பினால் முதலில் போவது அந்த ஓரம்தான். மடையான் எங்கே நிற்கும்? வால் சுருங்கி மறைந்த குட்டித் தவளை எதைப் பற்றிக் கரையேறும்?

"பறவை பார்க்க வேடந்தாங்கல் போகலாமே" என்கிறார் நண்பர். போகலாம். அந்த வேடந்தாங்கலைக் காப்பாற்றியது யார்? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்துக் குடியானவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்புக்கு எழுத்து வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022-ல் அந்த ஏரி சர்வதேச ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. அவர்கள் யாரும் நீரூற்றுக் கேட்கவில்லை.

நான் ஒரு மனு எழுதியிருக்கிறேன்: தூர் வாருங்கள், சாக்கடையைத் திருப்புங்கள், ஆக்கிரமிப்பை அகற்றுங்கள், கரை மட்டும் மண்ணாகவே இருக்கட்டும். நண்பரிடம் கையெழுத்துக் கேட்டால், "மழை நாளில் கால் சேறாகிறதே, ஸார்" என்கிறார். இன்று காலை அவரை வலுக்கட்டாயமாக நிறுத்தி முக்குளிப்பான் கூட்டைக் காட்டினேன். "எங்கே, எங்கே?" என்று ஐந்து நிமிஷம் தேடினார். கையெழுத்து இன்னும் போடவில்லை.