இம்பால் - திமாபூர்: 125 கிலோ மீட்டருக்கு என்ன விலை?

புது தில்லி: மணிப்பூர் தலைநகர் இம்பாலில் இருந்து நாகாலாந்தின் திமாபூர் வரை வான்வழித் தொலைவு சுமார் 125 கி.மீ. ஏடிஆர் ரகச் சிறு விமானம் முக்கால் மணி நேரத்துக்குள் இதைக் கடந்துவிடும். கோஹிமா வழியாகச் செல்லும் 2-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இதே பயணம் 200 கி.மீ.க்கும் அதிகம், மலைப் பாதை என்பதால் ஒரு பகல் பொழுதின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனாலும் அமைதிக் காலத்தில் பெரும்பாலானோர் பேருந்திலும் வாடகை வண்டியிலும்தான் சென்றனர்.

2023 மே 3-இல் வெடித்த கலவரம் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. குகி - úசா சமூகத்தினர் பெரும்பான்மையாக வாழும் காங்போக்பி வழியாகவே அந்த நெடுஞ்சாலை செல்கிறது. மெய்தேய் மக்கள் அவ்வழியே செல்ல இயலாத நிலை உருவானது. நெடுஞ்சாலை முற்றுகை மணிப்பூருக்குப் புதிதல்ல. 2016 நவம்பரில் ஐக்கிய நாகா கவுன்சில் தொடங்கிய பொருளாதார முற்றுகை 2017 மார்ச் வரை நீடித்தது. அப்போது லாரிகள் நின்றன. 2023-க்குப் பிறகு மனிதர்களும் நின்றனர்.

இதன் மறுபக்கமும் உண்டு. இம்பால் விமான நிலையம் மெய்தேய் மக்கள் வாழும் பள்ளத்தாக்கில் உள்ளது. சுராசந்த்பூர் குகி மக்களுக்கு அது கூப்பிடு தூரம்தான். ஆனால் அவர்கள் விமானம் ஏற மிசோரத்தின் ஐஸாலுக்கு மலைச் சாலையில் பயணிக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையில், 2024 டிசம்பரில் இம்பாலில் இருந்து குவாஹாட்டி, கொல்கத்தா, திமாபூருக்கு அலையன்ஸ் ஏர் சேவையை மாநில அரசு அறிவித்தது. கட்டணம் ரூ. 5,000-ஐத் தாண்டாது என்பது உறுதிமொழி. வரவேற்கத்தக்கதே. எனினும், திமாபூர் தடத்தில் அந்த உச்ச அளவு கி.மீ.க்கு ரூ. 40 ஆகிறது! 2016-இல் "உடான்' திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஒரு மணி நேரம் அல்லது சுமார் 500 கி.மீ. பயணத்துக்கு மத்திய அரசு சொன்ன தொகை ரூ. 2,500.

கட்டணத்தை விமான நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன, அரசு தலையிடுவதில்லை என்பது நாடாளுமன்றத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் வழக்கமாக அளிக்கும் பதில். ஆனால் அரசு தலையிட்டதே இல்லை என்று கூற முடியாது. கரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை பறக்கும் நேரத்தை வைத்து ஏழு பிரிவுகளாகக் கட்டண வரம்பு விதிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, தொலைவை வைத்து உச்சவரம்பு வந்தது, 500 கி.மீ. வரை ரூ. 7,500. பெருநகரப் பயணிகள் தவித்தபோது ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தப்பட்ட அதிகாரம், சாலை மறிக்கப்பட்ட எல்லை மாநிலத்துக்கு ஏன் பயன்படவில்லை என்ற கேள்விக்கு விடையில்லை.

மானியம் மட்டுமே தீர்வாகிவிடாது என்பதும் உண்மை. உடானின் முதல் மூன்று சுற்றுகள் வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403-இல் சேவை தொடங்கவே இல்லை என 2023-இல் மத்திய கணக்குத் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. சலுகைக் காலம் முடிந்த பின்னும் 2023 மார்ச் நிலவரப்படி நீடித்தவை 54 மட்டுமே.

2025 செப்டம்பரில் நெடுஞ்சாலையைத் திறக்க குகி - úசா கவுன்சில் இசைந்ததாக உள்துறை அமைச்சகம் அறிவித்தது. தங்கள் பகுதிகளில் தடையற்ற நடமாட்டத்துக்கு அது அனுமதி அல்ல என்று அக் கவுன்சில் பின்னர் விளக்கம் அளித்தது.