சும்மா நிற்கும் கப்பல்

புயல் இல்லாத நாளில் மீட்புக் கப்பலுக்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நான் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்றவன். "வாங்கிய பொருள் பயனின்றிக் கிடக்கிறது, காரணம் கூறுக" என்று தணிக்கைக் குறிப்பு வரும். இரும்பு அலமாரிக்கு அது சரி. கடலுக்கு?

என்னைப் போல் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பிரெத்தாஞ் வரைபடம் மறந்திருக்காது. மேற்குக் கோடியில் உவேசான் தீவு. சுற்றிலும் பாறை, மூடுபனி, ஆற்று வெள்ளம் போல இழுக்கும் நீரோட்டம். ஆங்கிலக் கால்வாய்க்குள் போகிற கப்பல்கள் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. 1978 மார்ச் 16 காலையில் அங்கே 'அமோக்கோ காதிஸ்' என்ற எண்ணெய்க் கப்பலுக்குச் சுக்கான் வேலை செய்யாமல் போனது. மதியமே ஒரு தனியார் இழுவைக் கப்பல் வந்து சேர்ந்தது. ஆனால் என்ன ஒப்பந்தம், என்ன கூலி என்று பேச்சு நீண்டது. கட்டிய வடம் அறுந்தது. மறுபடி கட்டியும் பலனில்லை. இரவு 9 மணிக்கு போர்த்சால் பாறையில் மோதியது. 2,20,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கடலில். வழக்கோ சிக்காகோவில் வருஷக்கணக்கில் நடந்தது.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. கப்பல் தடத்தைக் கரையிலிருந்து தள்ளி வைத்தார்கள். கோர்சென் முனை நிலையத்தில் இரவு பகலாக ராடாரும் வானொலியும் பார்க்க ஆள் இருக்கிறது. பிரெஸ்ட் துறைமுகத்தில் 1979 முதல் 'அபேய் ஃபிளாந்தர்', 2005 முதல் 'அபேய் பூர்போன்'. இரண்டும் கடற்படை வாடகைக்கு எடுத்த வலுவான இழுவைக் கப்பல்கள். காற்று வலுத்தால் கப்பல் துறைமுகத்தில் தங்காது, உவேசான் ஓரம் போய்க் காத்து நிற்கும். இதைத்தான் 'சும்மா நிற்பது' என்கிறார்கள். நம்மூர்த் தீயணைப்பு நிலையத்தில் வண்டி துடைக்கும் ஆளைப் பார்த்து 'உட்கார்ந்த சம்பளம்' என்று பேசுகிற அதே வாய்!

ஆங்கிலேயரிடமும் இப்படி நான்கு கப்பல்கள் இருந்தன. சிக்கனம் என்று சொல்லி 2011இல் கைகழுவினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் சத்தம் போட்டதால் அங்கே மட்டும் ஒன்று தப்பியது. மற்ற இடங்களில் கப்பல் முதலாளியும் தனியாரும் பேசிக்கொள்ளட்டும் என்றார்கள். 1978இலும் அப்படித்தானே பேசிக்கொண்டார்கள்?

வாடகையை மிச்சம் பிடித்ததாகக் கணக்கு எழுதிய அந்த அதிகாரியை ஒன்று கேட்கவேண்டும். போர்த்சால் கரையில் வாளி வாளியாக எண்ணெய் அள்ளிய செலவை ஐயா எந்தக் கணக்குத் தலைப்பில் காட்டுவார்?