தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள்



ஏடிஎம்மில் நோட்டு எண்ணும் சத்தம் கேட்கிறது, பணம் வெளியே வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிடுகிறது. போனில் அனுப்பிய தொகை இங்கே பிடித்தமாகிவிட்டது, அங்கே வரவாகவில்லை. வங்கியில் கேட்டால் "தானா வந்துடும், போயிட்டு வாங்க" என்கிறார்கள். பெரும்பாலும் வந்தும்விடுகிறது. வராதபோது, 500 ரூபாய்க்காக இன்னொரு நாள் கூலியை யார் இழப்பார்கள்? விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு விதித்திருக்கிறது. ஏடிஎம் பணம் 5 நாளுக்குள், யுபிஐ வழியாக ஒருவருக்கு அனுப்பிச் சேராத பணம் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் கேட்காமலே வர வேண்டும்.

ஆகவே எழுதிக் கொடுங்கள். நாள், நேரம், தொகை, ஏடிஎம் இருக்கும் இடம், யுபிஐ என்றால் செயலி காட்டும் 12 இலக்க எண். நகலில் கிளை முத்திரை வாங்குங்கள். ஏடிஎம் சீட்டை அன்றே போட்டோ எடுங்கள். சட்டைப்பையில் கிடந்தால் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வேறு வங்கியின் ஏடிஎம் என்றாலும் உங்கள் கணக்கு உள்ள வங்கியில்தான் புகார் தர வேண்டும். "அங்க போய்க் கேளுங்க" என்றால் நகராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448.

பதற்றத்தில் இணையத்தில் தேடி எடுத்த 'கஸ்டமர் கேர்' எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். போன பணத்தைத் தேடப்போய் இருந்ததையும் பறிகொடுத்தவர்களை எங்கள் நுகர்வோர் குழுவில் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நெஞ்சு பதறுகிறது. பணம் திரும்பி வர ரகசிய எண் போடத் தேவையே இல்லை. போடச் சொல்பவன் திருடன். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள்.

படித்த பிள்ளைகளே, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளும் பாட்டி உங்கள் தெருவிலும் இருப்பார். அவருக்காக ஒரு மனு எழுதிக் கொடுங்கள், வங்கிக்குக் கூடப் போய் நில்லுங்கள். எழுத ஆள் இல்லாதவர்கள் ஞாயிறு காலை நூலகத்துக்கு வாருங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம். பாஸ்புக்கும் போனும் கையில் இருக்கட்டும்.