ரெக்கார்டு நோட்டும் கப்பல் குறிப்பேடும்



சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு ஒருவர் பாய்மரப் படகைப் பற்றி எழுதுகிறாரே என்று வியப்படைய வேண்டாம். எங்கள் ஊரில் இருந்து தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நாங்கள் கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டும். ஆனால் கடற்காற்று எங்களைத் தேடி வந்துவிடும். அரபிக்கடலைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக எங்கள் சமவெளியில் பாய்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் காற்றைத்தான். காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதுவே. இதே காற்றைப் பாய்விரித்துப் பிடித்தால் படகு ஓடும்.

அப்படி ஓடிய ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் தாரிணி. நம் கடற்படைக்குச் சொந்தமானது, கோவாவில் கட்டப்பட்டது, நீளம் 17 மீட்டர். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் இருந்து இதில் இரண்டே பேர் புறப்பட்டார்கள். இருவரும் பெண்கள், கடற்படை அதிகாரிகள். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில் மட்டும் தங்கி, உலகைச் சுற்றிக்கொண்டு 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கும் கூடுதலான தூரம். வழியில் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகக் காற்றையும் சந்தித்தார்கள்.

இது ஒரே நாளில் வந்த துணிச்சல் அல்ல. அதற்கு முன் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற்றார்கள். முதலில் ஆறு பேர் கொண்ட குழுவில் சேர்ந்து தென்னமெரிக்காவின் ரியோ டி ஜெனிரோ வரை போய் வந்தார்கள். பிறகு இருவர் மட்டுமாகப் போர்ட் பிளேருக்கும், 2024-இல் மொரீஷியசுக்கும் பாய்விரித்தார்கள்.

இருவர் மட்டுமே உள்ள படகில் ஒரு நாள் எப்படிக் கழியும்? படகு இரவிலும் நிற்காது. எனவே ஒருவர் காவல் இருக்க வேண்டும். மற்றவர் உறங்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். காவலில் இருப்பவர் பாயின் கோணத்தைத் திருத்துவார். கயிறு எங்கேனும் உராய்ந்து தேய்கிறதா என்று பார்ப்பார். அடிவானத்தில் வேறு கப்பல் தெரிகிறதா என்று நோக்குவார். சமையலும் அவர்கள் வேலைதான். பழுது பார்ப்பதும் அவர்கள் வேலைதான்.

இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. மாலுமிகள் ‘லாக்’ என்று சொல்லும் குறிப்பேட்டை எழுதுவது. நேரம், படகு இருக்கும் இடம், செல்லும் திசை, வேகம், காற்றின் திசை, காற்றின் வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். உப்புநீரும் மின்கருவியும் நண்பர்கள் அல்ல. கருவி ஒருநாள் கண்ணை மூடினால் குறிப்பேடுதான் கண்.

ஓர் உதாரணம் பாருங்கள். இரவு 12 மணிக்குக் காற்றழுத்தம் 1010 மில்லிபார். 2 மணிக்கு 1007. 4 மணிக்கு 1003. இப்படி மளமளவென்று இறங்கினால் புயல் நெருங்குகிறது என்று பொருள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே காற்று வலுக்கும் முன்பே பாயைச் சுருக்கிவிட வேண்டும். காவலில் இருந்தவர் தூக்கக் கலக்கத்தில் கருவியைப் பார்க்காமலே மூன்று முறையும் 1010 என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? 4 மணிக்கு எழுந்து வருபவர் குறிப்பேட்டைப் பார்த்து நிம்மதி அடைவார். முழுப் பாயோடு படகு புயலுக்குள் போகும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பள்ளியில் படித்தபோது ஊசல் சோதனை செய்தோம். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைப் பார்த்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எங்கள் குழுவுக்கு 10.9 என்று விடை வந்தது. விடை 9.8 என்று புத்தகத்தில் இருக்கிறதே! நாங்கள் கலங்கவில்லை. 9.8-இல் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நேரத்தை மாற்றி, ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதினோம். முழு மதிப்பெண் கிடைத்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எங்கள் தவறு எனக்குப் புரிந்தது. குண்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருந்தோம். ‘சுழி’ என்று தொடங்கியிருக்க வேண்டும். ஆக, 19 அலைவுகளை 20 என்று எண்ணிவிட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், விடை 10.9 வரும். அதாவது எங்கள் நூலும் கடிகாரமும் உண்மையைத்தான் சொல்லின. எங்கே பிழை என்று காட்டியும் கொடுத்தன. அந்தச் சாட்சியை நாங்களே அழித்துவிட்டோம்.

இதில் மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பேர், நான்கு கருவிகள் என்றால் ஒருவர் செய்வார். மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். சரியான விடைக்கே மதிப்பெண் என்றால் விடைதான் வரும், சோதனை வராது. ஆசிரியர்களுக்கும் பாடத்தை முடிக்கும் அவசரம் இருக்கிறது. ஆயினும் நம் குறிப்பை நம்பி யாரும் எதையும் செய்யப்போவதில்லை என்பதுதான் ரெக்கார்டு நோட்டின் பெரிய குறை என்பேன். கப்பல் குறிப்பேட்டை ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் அதை நம்பித் தூங்குகிறார்.

அந்த நம்பிக்கையைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாதா? முடியும். நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒருவர் ஊசலை ஆட்டட்டும், ஒருவர் எண்ணட்டும், ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும், ஒருவர் எழுதட்டும். பிறகு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்பை அடுத்த குழுவிடம் கொடுங்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் சோதனையைத் திரும்பச் செய்யட்டும். விடை மாறினால் காரணத்தைத் தேடுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஆசிரியர்கள் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னொன்றும் செய்யலாம். பள்ளி மாடியில் ஒரு கம்பு நட்டு, அதில் ஒரு துணிக் கீற்றைக் கட்டுங்கள். தறி ஓடும் எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? காலை, மதியம், மாலை காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று முறை வைத்துக் குறியுங்கள். பார்க்காத வேளைக்கு ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். ஓர் ஆண்டு முடிந்ததும் பருவக்காற்று எந்த நாளில் திரும்பியது என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லும். வரும் ஆண்டு மாணவர்கள் அதை நம்பி மேலே தொடர்வார்கள்.

உங்களில் சிலர் ஒருநாள் தாரிணி போன்ற படகில் ஏறலாம். ஏறாவிட்டாலும், நாளை மருந்தகத்திலோ மின்நிலையத்திலோ நீங்கள் எழுதும் ஓர் எண்ணை நம்பி யாரோ ஒருவர் தூங்குவார். அதற்கான பயிற்சியை இன்றே தொடங்குங்கள்.