தாடை வீக்கமும் அத்திப்பழ அடையும்



சென்ற மாதம் லிங்கராஜபுரத்தில் நடந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் முடிவில், ஒரு தாயார் தம்முடைய எட்டு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனுடைய கீழ்த்தாடை ஒரு பக்கம் புடைத்திருந்தது. தலையில் கைவைத்து ஜெபித்தேன். பின்பு, "பல் டாக்டரிடம் காட்டினீர்களா அம்மா?" என்று கேட்டேன். "வலியே இல்லையே ஐயா" என்றார். அந்த ஒரு வார்த்தையினிமித்தமே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் நடந்த காரியத்தை உங்களில் சிலர் செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைத் தாடை வீக்கத்தோடு சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு வந்தார்கள். அவனுக்கு மூன்று வயதாயிருந்தபோதே பெற்றோர் அந்த வீக்கத்தைக் கண்டிருந்தார்கள். ஆனால் குழந்தை பரிசோதனைக்கு இணங்கவில்லை, வீக்கமும் சிறிதாயிருந்தது, வருஷங்கள் கடந்துபோயின. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தபோது தாடை எலும்புக்குள்ளே பை போன்ற ஒரு கட்டி இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, எலும்பை மேற்புறத்தில் திறந்து அதை எடுத்தார்கள். எடை ஏறக்குறைய 200 கிராம். அதற்குள் இருந்தவற்றைப் பிரித்தெடுக்க மட்டும் நான்கைந்து மணி நேரம் ஆயிற்று. எண்ணிக்கை 526. அத்தனையும் பற்கள்! சில, கண்ணுக்கு எட்டாத அளவு சிறியவை. ஆனாலும் பல்லின் அமைப்பு அவற்றில் இருந்தது. இதற்கு முன்பு 2014-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பதினேழு வயது வாலிபன் ஒருவனின் தாடையிலிருந்து 232 பற்களை எடுத்ததுண்டு.

பல் உருவாகும் திசு, கிரமம் தப்பி வளர்வதால் உண்டாகும் இக்கட்டிக்கு ஒடொன்டோமா என்று பெயர். கட்டி அரிதல்ல, இத்தனை பற்களே அரிது. இது புற்றுநோயும் அல்ல. விழவேண்டிய பால்பல் விழாமலும், முளைக்கவேண்டிய பல் முளைக்காமலும் இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் சிறிதாயிருக்கும்போதே அகப்பட்டுவிடும். இதைக் கண்ணேறு என்றும் செய்வினை என்றும் சொல்லுகிற உறவினர் ஊரில் இருக்கிறார்கள். நம்முடைய வட்டாரத்திலோ, பெற்றோர் செய்த பாவம் என்று காதுக்குள் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறவிக்குருடனைக் குறித்து சீஷர்கள் கேட்ட கேள்வியும், அதற்கு ஆண்டவர் கொடுத்த உத்தரவும் இவர்களுக்குத் தெரியாததல்ல.

எல்லாக் கட்டியும் இப்படி எளிதாய் வெளியே வந்துவிடுவதில்லை. அமிலோபிளாஸ்டோமா என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்புறத்தில், கடைவாய்ப் பற்களின் பக்கம் தோன்றும். அதுவும் பொதுவாகப் புற்றுநோய் அல்ல. வலியில்லாமல், மெதுவாய், வருஷக்கணக்கில் எலும்பை அரித்துக்கொண்டே போகும். எக்ஸ்ரேயில் சோப்பு நுரைக் குமிழிகளைப்போலத் தெரியும். சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வருவது உண்டு. ஆகையால் சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து வெட்டவேண்டியதாகிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, சபையின் சகோதரி ஒருவர், மருத்துவர் எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வேதாகமத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றார். தாடையில் வீக்கம் இருக்கிறதென்றும், டாக்டரிடம் இனிப் போவதில்லை, கர்த்தரே பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். சபை அல்லேலூயா என்றது. நானும் மேடையிலிருந்து கரத்தை உயர்த்தினேன். மூன்று வருஷம் கழித்து அவருடைய தாடையில் ஒரு பாதியை வெட்டி எடுத்து, காலிலிருந்து எடுத்த எலும்பை அங்கே பொருத்தினார்கள். இன்றைக்கும் அன்பின் விருந்தில் அவருக்குக் குழைந்த சாதம் தனியே வைக்கிறோம். அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் பாரமாயிருக்கிறது.

மருந்தைத் தொடாமலே ஜீவித்து முடித்த மூப்பர்களை நான் அறிவேன், அவர்களை மதிக்கிறேன். ஆனால் எசேக்கியா ராஜாவின் சரித்திரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 20). சுகமும் பதினைந்து வருஷ ஆயுசும் கர்த்தரால் வாக்குப்பண்ணப்பட்ட பின்புதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னான். அதைப் பிளவையின்மேல் வைத்தார்கள். தீர்க்கதரிசி அதை அவிசுவாசமென்று எண்ணவில்லை. வேதாகமக் கல்லூரியில் இந்த அதிகாரத்தை ஒருமுறை அல்ல, பலமுறை படித்தேன். அன்று மேடையில் மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே, தாடையில் வீக்கம், பக்கத்தில் நோயில்லாமலே ஆடுகிற பல், காரணமில்லாமல் மரத்துப்போகிற கீழுதடு, இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். கட்டட வேலைக்குப் போகிற சகோதரரே, பாக்கும் குட்காவும் போட்டு வாய் முழுதும் திறக்க முடியாமற்போனால் அது தானாய்ச் சரியாகிவிடாது. சிட்டி மார்க்கெட் அருகே விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒருநாள் கூலி போகும், உண்மைதான். கன்னடம் வராதவர்கள் சபை வாலிபர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்; என்னிடம் சொன்னால் நானும் வருகிறேன்.

அந்தச் சிறுவனோடு அப்படித்தான் போனேன். முளைக்காத ஒரு பல்லைச் சுற்றி நீர்க்கட்டி என்றார்கள். கட்டியைத் திறந்துவிட்டால் பல் தன் இடத்துக்கு வர வாய்ப்புண்டு என்றும் சொன்னார்கள். வருகிற மாதம் சிகிச்சை. அதே மாதத்தில் அந்தச் சகோதரிக்கும் மறுபரிசோதனை இருக்கிறது. இருவரையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.